2 குழந்தைகளின் தாய். 4 தங்கப் பதக்கம்!

வீட்டு வேலைக்கு நடுவே ஓடிப் பழகிய பெண்மணியின் கதை

1948-ம் ஆண்டு, ஆகஸ்டு மாதம் 5-ந் தேதி.

லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஒலிம்பிக் பந்தயம் நடந்துகொண்டு இருந்தது. பெண்களுக்கான 200 மீட்டர் ஓட்டத்தின் அரை இறுதிப் போட்டிக்குச் சிறிது நேரமே பாக்கி.

அதில் ஓட வேண்டிய ஒரு பெண்மணி அழுதுகொண்டு இருந்தார்.

தோற்றுப் போன துக்கம் அல்ல. அந்த வாரத்திலேயே அவர் இரண்டு தங்கப் பதக்கம் வாங்கியிருந்தார். லண்டன் பத்திரிகைகளில் எல்லாம் அவர் பெயர்தான். ஆனாலும் கண்ணீர் நிற்கவில்லை. இனி ஓட மாட்டேன், வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வீடு கடலுக்கு அப்பால், ஹாலந்து நாட்டில் இருந்தது. அங்கே ஒரு மகன், ஒரு மகள். இரண்டும் சின்னஞ்சிறு குழந்தைகள்.

அந்தப் பெண்மணியின் பெயர் பானி பிளாங்கர்ஸ்-கோயன். அப்போது அவருக்கு வயது 30. "பறக்கும் குடும்பத் தலைவி" என்று பிற்பாடு உலகமே அவரை அழைத்தது.

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் ஓட முடியுமா? சமையல், துணி துவைத்தல், குழந்தைக்கு ஜுரம், அடுத்த வீட்டாரின் பேச்சு - இத்தனைக்கும் நடுவே மைதானத்துக்குப் போக நேரம் ஏது? இந்தக் கேள்வி இன்றும் நம் வீடுகளில் கேட்கப்படுகிறது. பானி இதற்கு என்ன செய்தார் என்று பார்ப்போம்.

5 அண்ணன் தம்பிகள்

1918-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி, ஹாலந்தில் ஒரு சிற்றூரில் பானி பிறந்தார். வீட்டில் ஐந்து ஆண் பிள்ளைகள். பெண் இவர் ஒருவர்தான். தகப்பனார் இரும்புக் குண்டும் வட்டும் எறிந்து பழகியவர். ஆகவே மகள் விளையாடப் போவதை அந்த வீட்டில் யாரும் தடுக்கவில்லை. ஓட்டம், நீச்சல், பனிச் சறுக்கு, டென்னிஸ் - எதையும் விட்டுவைக்காத பெண்.

நீந்துவதா, ஓடுவதா என்று ஒரு கட்டத்தில் அவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. நீச்சல் சொல்லிக்கொடுத்தவர் நல்ல யோசனை சொன்னார். ஹாலந்தில் நீச்சலில் கெட்டிக்காரப் பெண்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். நீ ஓடு, அதில் முன்னுக்கு வரலாம் என்றார். பானி ஓடினார்.

1935-ம் ஆண்டு அவர் 800 மீட்டர் பந்தயம் ஓடினார். சீக்கிரத்திலேயே அந்தத் தூரத்தில் தம் நாட்டின் சாதனையை முறியடித்தார். ஆனால் பலன் இல்லை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டமே கிடையாது!

ஏன் என்று கேட்பீர்கள். 1928-ம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் அந்தப் பந்தயம் ஒரு தடவை நடந்தது. ஓடி முடித்த பெண்கள் சிலர் களைத்துப்போய்ப் புல்தரையில் சாய்ந்தார்கள். ஓடினால் களைப்பு வராதா? ஆண்களும்தான் சாய்கிறார்கள். ஆனால் பத்திரிகைகள் அதைப் பெரிதுபடுத்தின. பெண் உடம்பு இதைத் தாங்காது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அந்தப் பந்தயத்தையே நீக்கிவிட்டார்கள். மறுபடியும் அது ஒலிம்பிக்குக்கு வந்தது 1960-ம் ஆண்டு, ரோம் நகரில். 32 ஆண்டுகள் கழித்து!

எனவே பானி குறுந்தூர ஓட்டத்துக்கும், தாண்டும் போட்டிகளுக்கும் மாறினார்.

கையெழுத்து

1936-ம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்குக்கு அவர் போனபோது வயது 18. பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு கையெழுத்து கிடைத்தது. அந்த ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற அமெரிக்க நீக்ரோ வீரர் ஜெஸ்ஸி ஓவன்சின் கையெழுத்து அது. தாம் சேர்த்துவைத்த பொருள்களில் அதையே பெரிய சொத்தாக அவர் கருதினார். தாமும் ஒரு நாள் நான்கு தங்கம் வாங்குவோம் என்று அந்தப் பெண் அப்போது நினைத்திருக்க மாட்டார்.

மனம் மாறிய கணவர்

ஹாலந்துப் பெண்கள் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஜான் பிளாங்கர்ஸ். 1928-ம் ஆண்டு ஒலிம்பிக்கில் மும்முறை தாண்டும் போட்டியில் கலந்துகொண்டவர். பிறகு விளையாட்டுச் செய்தி எழுதும் பத்திரிகைக்காரர் ஆனார்.

இவரைப் பற்றி ஒரு வேடிக்கை. பெண்கள் விளையாட்டுப் போட்டிகளில் கலந்துகொள்ளக் கூடாது என்பதுதான் இவருடைய பழைய அபிப்பிராயம்! அந்த மனிதர்தான் பெண்களுக்குப் பயிற்சியாளர் ஆனார். அவர்களில் ஒருத்தி மீது காதல் கொண்டார். 1940-ம் ஆண்டு ஆகஸ்டில் பானிக்கும் அவருக்கும் திருமணம் நடந்தது. கணவர் சுமார் 14 வயது மூத்தவர். அவருடைய பழைய அபிப்பிராயம் போன இடம் தெரியவில்லை.

இது சிறிய விஷயம் அல்ல. பானி ஓடியதில் பாதிப் பெருமை அவருடைய கால்களுக்கு என்றால், மீதியில் ஒரு பெரும் பங்கு இந்தக் கணவருக்கு உண்டு. மனைவி ஓட வேண்டும் என்று அவரே நினைத்தார். குழந்தை பிறந்த பிறகும் நினைத்தார். அதுதான் அதிசயம்.

போரும் பிள்ளைப்பேறும்

கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால்தான் ஹிட்லரின் படை ஹாலந்துக்குள் புகுந்திருந்தது. 1940-ம் ஆண்டு ஒலிம்பிக் நடக்கவில்லை. 1944-ம் ஆண்டு ஒலிம்பிக்கும் நடக்கவில்லை. ஓட்டக்காரிக்கு உடம்பில் நல்ல பலம் இருக்கும் வயது, இருபதிலிருந்து முப்பது வரை. பானிக்கு அந்த வயது போரிலேயே கழிந்தது.

அந்தப் போர்க் காலத்தில் முதல் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. "இத்தோடு இவர் ஓட்டம் முடிந்தது" என்றே ஹாலந்துப் பத்திரிகைகள் முடிவு கட்டின. கல்யாணமான பெண் ஓடுவதே அந்த நாளில் அபூர்வம். குழந்தை பெற்றவள் ஓடுவாள் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆனால் சில வாரங்களிலேயே பானி பயிற்சியைத் தொடங்கிவிட்டார்.

அவர் சும்மா வந்து போகவும் இல்லை. 1942-ம் ஆண்டுக்கும் 1944-ம் ஆண்டுக்கும் இடையில் ஆறு உலக சாதனைகள் செய்தார். 1943-ம் ஆண்டில் 1.71 மீட்டர் உயரம் தாண்டினார். அதாவது, 5 அடி 7 அங்குலத்துக்கு மேல். சராசரி ஆண்பிள்ளையின் தலைக்கு மேலே தாண்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டில் 6.25 மீட்டர் நீளம் தாண்டினார். இந்தச் சாதனையை 1954-ம் ஆண்டு வரை யாரும் அசைக்க முடியவில்லை. தாய் ஆன பிறகுதான் இத்தனையும்!

1944-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஹாலந்தில் பயங்கரப் பஞ்சம் வந்தது. ஜனங்கள் பூச்செடியின் கிழங்கைத் தோண்டி வேகவைத்துத் தின்றார்கள். இருபதாயிரம் பேருக்கு மேல் மடிந்தார்கள். பிள்ளைக்குப் பால் கிடைக்குமா என்று தாய்மார்கள் அலைந்த நேரத்தில் ஓட்டமாவது, பந்தயமாவது!

போர் முடிந்தது. 1946-ம் ஆண்டு நார்வே நாட்டில் ஐரோப்பியப் போட்டி நடந்தது. அதற்குள் பானிக்கு ஒரு மகளும் பிறந்திருந்தாள். கைக்குழந்தைக்காரியாகத்தான் அந்தப் போட்டிக்குப் போனார். 100 மீட்டர் அரை இறுதியில் கீழே விழுந்துவிட்டார். காயத்தோடு உயரம் தாண்டினார். நான்காவது இடம்தான் கிடைத்தது. ஆனால் மறுநாள் தடை தாண்டும் ஓட்டத்தில் முதல் பரிசு. தொடர் ஓட்டத்திலும் ஹாலந்துக்கே முதல் பரிசு.

சைக்கிள் கூடை

இனி விஷயத்துக்கு வருவோம். பானி எப்போது பழகினார்? எப்படிப் பழகினார்?

வாரத்தில் இரண்டே நாள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். ஆக மொத்தம் வாரத்துக்கு நான்கு மணி நேரம். உலகத்தின் வேகமான பெண் ஓடிப் பழகியது இவ்வளவுதான்!

மீதி நேரம் எல்லாம் மற்றப் பெண்களைப் போலத்தான். சமைத்தார். கடைக்குப் போனார். கிழிந்த காலுறைகளைத் தைத்தார். போர் முடிந்த புதிது. எதை வாங்கவும் பங்கீட்டுச் சீட்டு வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும்.

குழந்தைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்? அவரேதான். சைக்கிளில் கூடை கட்டி, அதில் குழந்தையை உட்காரவைத்து, மைதானத்துக்கு மிதித்துக்கொண்டு போவார். ஹாலந்து சமவெளி நாடு. அங்கே சைக்கிள் இல்லாத வீடு கிடையாது. மைதானத்தில் நீளம் தாண்டுவதற்காக மணல் நிரப்பிய குழி இருக்கும். அம்மா ஓடும்போது குழந்தைகள் அந்த மணலில் வீடு கட்டி விளையாடும். அம்மாவுக்கும் பிள்ளைகள் கண்ணில் படும். பிள்ளைகளுக்கும் அம்மா கண்ணில் படுவாள்.

குழந்தைகளை வேறு எங்கோ விட்டுவிட்டு ஓடவில்லை. நேரம் குறைவு, ஆனால் குறித்த நாள், குறித்த நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் வேறு வேலை கிடையாது. பயிற்சி கொடுப்பவர் கணவர் என்பதால் "இன்றைக்கு எதற்கு மைதானம்?" என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. எந்த ஊராக இருந்தாலும், கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் பெரிதாகத் தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற சில வாரங்களில் பானி மைதானத்துக்கு வந்ததைப் படித்துவிட்டு யாரும் அப்படியே செய்துவிடக் கூடாது. அந்த நாளில் இதைப் பற்றி டாக்டர்களுக்கே அதிகம் தெரியாது. இன்று தெரியும். கர்ப்ப காலத்தில் மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்கள் தளர்கின்றன. அடிவயிற்றையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகள் பிரசவத்தில் மிகவும் நெகிழ்ந்துபோகின்றன. அவை இறுகப் பல வாரம் ஆகும். சிசேரியன் ஆனவர்களுக்கு வெட்டுக் காயமும் ஆற வேண்டும். எனவே முதலில் நடை. பிறகு வேக நடை. குறைந்தது மூன்று மாதம் கழித்து, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மெள்ள ஓட்டம் என்பதுதான் 2019-ம் ஆண்டு இங்கிலாந்து நிபுணர்கள் வகுத்த முறை. ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ, அடிவயிறு கனத்துத் தொங்குவதுபோல் இருந்தாலோ உடனே நிறுத்த வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. அதற்குச் சிகிச்சை உண்டு.

பால் கொடுக்கும் தாய், குழந்தைக்குப் பால் கொடுத்த பிறகு ஓடுவது சௌகரியம். மார்பு கனக்காது. தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் ஓட வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020-ம் ஆண்டு சொன்ன கணக்குப்படி, ஆரோக்கியத்துக்கு வாரம் 150 நிமிடம் வேக நடை போதும். பிள்ளை பெற்றவர்களுக்கும், உடம்பில் வேறு கோளாறு இல்லாவிட்டால், இதே கணக்குதான். ஒரு நாளைக்குப் பங்கிட்டால் 21 நிமிடத்துக்குச் சற்று அதிகம். பதக்கம் வேண்டாம் என்பவர்களுக்கு இது போதும்!

வசைக் கடிதங்கள்

1948-ம் ஆண்டு வந்தது. ஒலிம்பிக் லண்டனில் நடக்கும் என்று முடிவாகியிருந்தது. ஜூன் மாதத்தில் பானி 100 மீட்டரை 11.5 வினாடியில் ஓடினார். 80 மீட்டர் தடை ஓட்டத்தை 11 வினாடியில் முடித்தார். ஓடுவதற்குத் தகுதி இருக்கிறதா என்ற கேள்விக்கே இடம் இல்லை.

ஆனாலும் கேட்டார்கள். இங்கிலாந்துக் குழுவின் மானேஜர், "வயதாகிவிட்டது, இவரால் முடியாது" என்ற கருத்தைச் சொன்னார். சொந்த நாட்டிலிருந்தே வசைக் கடிதங்கள் வந்தன. பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடப் போகிறாளே, வீட்டில் இருக்க வேண்டியவள் அல்லவா, அரைக் கால்சட்டை போட்டுக்கொண்டு ஊரார் முன்னால் ஓடலாமா என்றெல்லாம் எழுதினார்கள். ஒரு பத்திரிகைக்காரரும் அப்படியே எழுதினார்.

அந்த ஒலிம்பிக்குக்குப் போன ஆண்களில் எத்தனையோ பேர் குழந்தைகளின் தகப்பன்மார். "உன் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?" என்று அவர்களுக்கு யாரும் கடிதம் எழுதவில்லை.

பானிக்குக் கோபம் வந்தது. லண்டனில் அந்தப் பத்திரிகைக்காரரைப் பார்த்தபோது, பார்த்துக்கொண்டே இரு என்று விரலை நீட்டிச் சொன்னாராம். இதைப் பானியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

கணவர் ஜானும் லேசுப்பட்டவர் அல்ல. பந்தயத்துக்கு முன்னால், உனக்கு வயதாகிவிட்டது என்று அவரே சீண்டுவார். மனைவிக்கு ரோஷம் வந்தால் கால் பறக்கும் என்று அவருக்குத் தெரியும்!

சேற்றில் முதல் தங்கம்

அந்த லண்டன் ஒலிம்பிக் ஏழை ஒலிம்பிக். குண்டு விழுந்து பாதி இடிந்த நகரம். புது மைதானம் கட்டப் பணம் இல்லை. நாய்ப் பந்தயம் நடந்த வெம்பிளியில் கரித்தூள் பரப்பி ஓடுபாதை போட்டார்கள். வீரர்களைப் பள்ளிக்கூடங்களிலும் பட்டாள முகாம்களிலும் தங்கவைத்தார்கள். (இதே வெம்பிளியில்தான் ஆகஸ்டு 12-ந் தேதி சுதந்திர இந்தியா ஹாக்கியில் தன் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றது. அது தனிக் கதை.)

ஆகஸ்டு 2-ந் தேதி 100 மீட்டர் இறுதிப் போட்டி. மழை கொட்டி ஓடுபாதை சேறாகக் கிடந்தது. பானி 11.9 வினாடியில் ஓடி முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்த இங்கிலாந்துப் பெண் வெகுவாகப் பின்தங்கிவிட்டார். ஓட்டம், தாண்டுதல், எறிதல் போட்டிகளில் ஹாலந்து நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் இதுதான்.

யாருக்காகப் பாடினார்கள்?

இரண்டாவது பந்தயம் 80 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம். இரண்டரை அடி உயரத்தில் எட்டுத் தடைகள். எதிரி இங்கிலாந்தின் மௌரீன் கார்ட்னர். வயது 19. நடனம் பயின்ற பெண். மைதானம் முழுவதும் அவருக்காகக் கூச்சல் போட்டது.

பானிக்குத் தொடக்கம் சரியாக அமையவில்லை. பின்தங்கிவிட்டார். எட்டிப் பிடிக்கப் போனபோது ஒரு தடையில் இடித்துத் தடுமாறினார். கடைசியில் இரண்டு பெண்களும் ஒன்றாகவே கோட்டைத் தொட்டதுபோல இருந்தது. யாருக்கும் தெரியவில்லை. போட்டோவைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

எல்லாரும் காத்திருந்தார்கள். திடீரென்று இங்கிலாந்தின் தேசிய கீதம் முழங்கியது!

பானியின் நெஞ்சு உடைந்துவிட்டது. கார்ட்னர் ஜெயித்துவிட்டார், அதனால்தான் பாடுகிறார்கள் என்று நினைத்தார்.

அப்படி இல்லை. அரச குடும்பத்தார் அப்போதுதான் மைதானத்துக்குள் வந்தார்கள். அவர்களுக்கு மரியாதையாகவே கீதம் பாடப்பட்டது. சற்று நேரத்தில் முடிவு வந்தது. இருவருக்கும் ஒரே நேரம், 11.2 வினாடி. ஆனால் கோட்டை முதலில் தொட்டவர் பானி.

அழுகை

இரண்டு தங்கம் வாங்கியதும் நிலைமை மாறியது. முன்பு "கிழவி" என்றவர்கள் இப்போது விடவில்லை. போன இடமெல்லாம் நிருபர்கள். மூன்றாவது கிடைக்குமா, நான்காவது கிடைக்குமா என்று கேள்விகள். உலகின் வேகமான பெண் நன்றாகச் சமைப்பாராம் என்று ஒரு லண்டன் பத்திரிகை தலைப்புப் போட்டது. ஓடியதை எழுதினால் போதாதா? குழம்பைப் பற்றியும் எழுத வேண்டுமா? ஆனாலும் அந்த நாளில் அது பாராட்டு.

ஆகஸ்டு 5-ந் தேதி அவருடைய மனம் உடைந்தது. பிள்ளைகளின் நினைப்பு. பல நாள் பிரிவு. ஓடி ஓடி அலுத்த உடம்பு. மைதானத்துக்குக் கூட்டிப் போய் மணலில் விளையாடவிட்ட குழந்தைகள் இப்போது பக்கத்தில் இல்லை. போதும், போய்விடலாம் என்றார்.

ஜான் வந்தார். அதட்டவில்லை. நாட்டின் மானம், கௌரவம் என்று பேசவில்லை. ஓட விருப்பம் இல்லையென்றால் ஓட வேண்டாம்; ஆனால் பின்னால் வருத்தப்படுவாயோ என்று பயமாக இருக்கிறது என்ற பொருளில் சொன்னார்.

பானி இன்னும் கொஞ்சம் அழுதார். நன்றாக அழுதார். அழுது தீர்ந்ததும் மனம் லேசாகிவிட்டது. எழுந்து போய் அரை இறுதியில் ஓடினார். 24.3 வினாடி. ஒலிம்பிக் சாதனை!

மறுநாள் இறுதிப் போட்டி. மறுபடியும் மழை, மறுபடியும் சேறு. 24.4 வினாடியில் முடித்தார். அடுத்து வந்தவர் 0.7 வினாடி பின்னால் வந்தார். 200 மீட்டர் ஓட்டத்தில் அது மிகப் பெரிய இடைவெளி. பெண்களுக்கு 200 மீட்டர் ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்ததே அந்த ஆண்டில்தான்.

மழைக் கோட்டு

ஆகஸ்டு 7-ந் தேதி கடைசிப் பந்தயம். நான்கு பேர் ஓடும் தொடர் ஓட்டம். ஹாலந்தின் நான்காவது ஆள் பானி.

இறுதிப் போட்டிக்கு நேரம் நெருங்கியது. மற்ற மூன்று பெண்களும் தயார். பானியைக் காணோம்!

எங்கே போனார் தெரியுமா? கடைக்குப் போயிருந்தார். வாரம் முழுவதும் ஓயாத மழை அல்லவா? ஒரு மழைக் கோட்டு வாங்கப் போனாராம். குடும்பப் பெண் வெளியூர் வந்தால் கடைக்குப் போகாமல் திரும்புவாளா? நல்லவேளை, சரியான நேரத்துக்கு ஓடி வந்து சேர்ந்தார்.

குச்சி அவர் கைக்கு வந்தபோது ஹாலந்து பின்தங்கியிருந்தது. ஆஸ்திரேலியப் பெண் வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டு இருந்தார். பானி ஒவ்வொருவராகத் தாண்டினார். கோட்டின் அருகில் ஆஸ்திரேலியப் பெண்ணையும் தாண்டிவிட்டார். 47.5 வினாடி. நான்காவது தங்கம்.

எட்டு நாளில் மொத்தம் 11 தடவை ஓடினார். பதினொன்றிலும் முதல் ஆள் அவரே.

அந்த ஒலிம்பிக்கில் ஓட்டம், தாண்டுதல், எறிதலில் பெண்களுக்கு இருந்ததே 9 பந்தயங்கள்தாம். அவற்றில் நான்கு இவருக்கு. தனிப் பந்தயங்களில் மூன்றுக்கு மேல் ஒருவர் சேரக் கூடாது என்று விதி இருந்தது. அதனால் அவர் உயரமும் நீளமும் தாண்டவில்லை. அங்கே உயரம் தாண்டி ஜெயித்தவர் தாண்டியது 1.68 மீட்டர். பானியின் சாதனையோ 1.71! நீளம் தாண்டியவரின் தங்கம் 5 மீட்டர் 69 சென்டிமீட்டரில் கிடைத்தது. பானி 1943-லேயே 6.25 தாண்டியவர்.

ஊர்வலம்

ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்பியபோது நான்கு வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். தெருவெல்லாம் ஜனக்கூட்டம். கடிதம் எழுதித் திட்டியவர்களும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கலாம். நான் வேகமாக ஓடினேன், அவ்வளவுதானே, இதற்கா இத்தனை ஆரவாரம் என்று பானி ஆச்சரியப்பட்டார். ஹாலந்து ராணி பட்டம் அளித்தார். ஊரிலே ஒரு புதிய சைக்கிளும் பரிசாகக் கொடுத்தார்கள். இனிமேல் ஓட வேண்டாமாம், சைக்கிளில் மெதுவாகப் போகலாமாம்!

ஆனால் ஓட்டம் நிற்கவில்லை. 1950-ம் ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் மூன்று தங்கம். 1952-ம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மட்டும் உடம்பில் கட்டி வந்து துன்பப்பட்டார். தடை ஓட்ட இறுதியில் பாதியிலேயே நிற்க வேண்டியதாயிற்று. 1955-ம் ஆண்டு ஓய்வு பெற்றார். ஹாலந்து தேசியப் போட்டிகளில் அவர் பெற்ற முதல் பரிசுகள் 58.

1972-ம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கின்போது ஜெஸ்ஸி ஓவன்சைப் பானி மறுபடியும் சந்தித்தார். உங்கள் கையெழுத்தை இன்னும் வைத்திருக்கிறேன் என்று சொல்லித் தம் பெயரையும் சொன்னார். பெயர் சொல்லவே தேவை இல்லை, உங்களைப் பற்றி எல்லாம் எனக்குத் தெரியும் என்று ஓவன்ஸ் பதில் சொன்னாராம்.

1999-ம் ஆண்டு, அந்த நூற்றாண்டின் சிறந்த தடகள வீராங்கனை என்று உலகத் தடகளச் சங்கம் பானியைத் தேர்ந்தெடுத்தது. அப்போது வயது 81. தம் பெயரை வாசித்ததும், நானா என்று திகைத்துப் போனார். 2004-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி காலமானார்.

பின்னால் வந்த தாய்மார்கள்

பானிக்குப் பிறகு பல தாய்மார்கள் ஓடிவிட்டார்கள். நம் பி.டி. உஷா, மகன் பிறந்த பிறகு மறுபடி மைதானத்துக்கு வந்து, 1998-ம் ஆண்டு ஜப்பானில் நடந்த ஆசியப் போட்டியில் பதக்கம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 34. ஜமைக்கா நாட்டு ஷெல்லி-ஆன் பிரேசர்-பிரைசுக்கு 2017-ம் ஆண்டு மகன் பிறந்தான். 2019-ம் ஆண்டு தோஹாவில் 100 மீட்டரை 10.71 வினாடியில் ஓடி உலகச் சாம்பியன் ஆனார். மகனைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் வலம் வந்தார். கென்யாவின் பெய்த் கிப்யேகன் 2018-ம் ஆண்டு மகளைப் பெற்றார். அதற்கு முன் ஒரு தங்கம். பின் 2021-லும் 2024-லும் 1,500 மீட்டரில் தங்கம்.

அமெரிக்காவின் அல்லிசன் பெலிக்ஸ் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. 2018-ம் ஆண்டு கர்ப்ப காலத்தில் ரத்தக் கொதிப்பு ஏறி, உயிருக்கு ஆபத்தான நிலையில், 32-வது வாரத்திலேயே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். குழந்தை பல நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது. தாய் மெள்ள மெள்ள நடந்து, பிறகு ஓடி, 2021-ம் ஆண்டு டோக்கியோவில் ஒரு தங்கமும் ஒரு வெண்கலமும் வென்றார்.

2024-ம் ஆண்டு பாரிஸ் நகரில், ஒலிம்பிக் வீரர்கள் தங்கும் கிராமத்தில், முதல் தடவையாகக் குழந்தைகளுக்கென்று ஓர் அறை திறந்தார்கள். ஓட வந்த தாய் அங்கே குழந்தையோடு உட்காரலாம், பால் கொடுக்கலாம், துணி மாற்றலாம், விளையாடலாம். அதற்காக முன்னின்று பாடுபட்டவர் இந்த பெலிக்ஸ்தான்.